எட்டுப் போடுவதற்கு முன்

தமிழ்நாட்டில் இருசக்கர வாகன உரிமத்துக்கு விண்ணப்பித்திருப்பதாக யாரிடமாவது சொன்னால், அவர் கேட்கும் முதல் கேள்வி ‘எட்டுப் போட வருமா?’ என்பதாகத்தான் இருக்கும். தேர்வு என்றாலே எட்டு, அதாவது காலை ஊன்றாமல் 8 வடிவத் தடத்தில் வண்டியை ஓட்டிக்காட்டுவது, என்று ஆகிவிட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில் ஒரு நாள் காலை நின்று பார்த்தால், ஊருக்குள் பல வருடம் வண்டி ஓட்டிப் பழகியவர் இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டு முகம் வாடி இறங்குவதையும், ஒன்றரை மாதமே பழகிய கல்லூரி மாணவி பதற்றமில்லாமல் இரண்டு சுற்றை முடித்துவிட்டு வருவதையும் பார்க்கலாம். இதற்குத் துணிச்சலோ அனுபவமோ காரணமல்ல. ஓரளவு வேகத்தில் போகும்போது வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். நடக்கும் வேகத்துக்கு இறங்கியதும் அந்தத் துணை போய்விடுகிறது, சமநிலையின் பொறுப்பு முழுவதும் ஓட்டுபவரின் கண்ணுக்கும் இடது கை விரல்களுக்கும் வந்து சேர்கிறது. ஆகவே இந்தத் தேர்வுக்குத் தயாராவது என்பது பெரும்பாலும் மெதுவாக ஓட்டக் கற்பதுதான். எட்டை மட்டுமே பழகுகிறவர்கள் கோட்டைவிடும் சில பழக்கங்கள் அதற்கு வெளியே இருக்கின்றன. நான் முதல் முறை தோற்றது அவற்றுள் ஒன்றில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாள் கணக்கும் வகையும்

பழகுநர் உரிமம், அதாவது நாம் எல்.எல்.ஆர். என்று சொல்வது, 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் முடிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். இடையில் உள்ள ஐந்து மாதம் தாராளமாகத் தெரிந்தாலும், கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியல்ல. ஒரு முறை தேர்ச்சி பெறாவிட்டால் 7 நாள் கழித்தே மறுபடி வர முடியும். மூன்று முறை தவறினால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988 சொல்கிறது. தேர்வு நாளைப் பதிவு செய்யும் சாரதி இணையதளத்தில் நாம் விரும்பும் நாளில் இடம் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஐந்தாவது மாதத்தின் கடைசியில் முதல் தேர்வுக்குப் போய், அதில் தவறி, எல்.எல்.ஆர். காலாவதியாகி, முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் ஏராளம். இரண்டாவது மாத முடிவுக்குள் முதல் தேர்வை வைத்துக்கொள்வது நல்லது. தவறினாலும் திருத்திக்கொள்ள நாள் இருக்கும்.

எந்த வண்டியில் தேர்வு கொடுக்கிறோம் என்பதை விண்ணப்பிக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கு ஒரு வகை, கியர் உள்ள வண்டிக்கு ஒரு வகை என்று உரிமம் இரண்டாகப் பிரிகிறது. ஸ்கூட்டரிலோ டிவிஎஸ் எக்ஸெல்லிலோ தேர்வு கொடுத்தவர் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு பைக் ஓட்ட முடியாது. கியர் வண்டிக்கு உரிமம் பெற்றவர் ஸ்கூட்டரையும் ஓட்டலாம். இப்போதைக்கு ஸ்கூட்டர்தான் ஓட்டப்போகிறேன் என்றாலும், கொஞ்சம் கூடுதலாக உழைத்துக் கியர் வண்டியிலேயே தேர்வை முடித்துவிடுவதுதான் என் பரிந்துரை. பின்னால் ஒருமுறை கூடுதல் வகை சேர்க்க அலைய வேண்டியதில்லை.

கியர் வண்டிக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் உரிமம் உண்டு என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது 50 சிசிக்கு மேற்படாத, கியரில்லாத வண்டிக்கு மட்டும். இன்றைக்குத் தெருவில் ஓடும் எக்ஸெல்லே 100 சிசி வகையைச் சேர்ந்தது என்பதால், அந்தச் சலுகை பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பயன்படாது. சிறுவர் ஓட்டினால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் 2019இல் இடம் செய்யப்பட்டிருக்கிறது.

பழகும் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும். 18 சென்டிமீட்டருக்குக் குறையாத வெள்ளைச் சதுரத்தில், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் சிவப்பு ‘எல்’ என்பது விதி. சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆர். வாங்கிய கையோடு நண்பனை ஏற்றிக்கொண்டு சினிமாவுக்குப் போவது விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்க, பின்னால் ஆள் இருக்கும்போது பழகிய சமநிலை, தனியாக எட்டுப் போடும்போது துளியும் உதவாது.

எந்த வண்டி

தேர்வுக்கு வீட்டில் உள்ள சிறிய வண்டியே சிறந்தது. ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி வண்டி சுமார் 112 கிலோ எடை. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளமும் முன்னதில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் குறைவு. நீளம் குறைந்த வண்டி சிறிய வட்டத்தில் எளிதாகத் திரும்பும். எடை குறைந்த வண்டி சற்றுச் சாய்ந்தாலும் இடுப்பை அசைத்து நிமிர்த்திவிடலாம். ரேஸ் பைக் தோற்றத்தில் ஹேண்டில்பார் தாழ்ந்திருக்கும் வண்டிகள் இன்னும் மோசம். அவற்றின் ஹேண்டில் அதிகம் ஒடியாது, ஒடித்தால் கை டாங்கில் இடிக்கும். கியர் உள்ள எந்த வண்டியில் தேர்ச்சி பெற்றாலும் உரிமம் ஒன்றுதான் என்பதால், புல்லட்டில்தான் எட்டுப் போடுவேன் என்ற பிடிவாதத்தில் லாபம் எதுவும் இல்லை.

தேர்ந்தெடுத்த வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் காட்டி மூன்று காரியம் செய்துகொள்ளுங்கள். கிளட்ச் பிடியின் நுனியில் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்கட்டும். கேபிள் காய்ந்து இறுகியிருந்தால் எண்ணெய் விடச் சொல்லுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். முன் சக்கரத்தில் காற்று குறைவாக இருந்தால் ஹேண்டில் கனக்கும். எட்டில் அது கழுத்தைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும், ஆகவே காற்றைச் சரிபாருங்கள். கழற்றிப் பரணில் போட்டிருக்கும் இரண்டு கண்ணாடிகளையும் எடுத்து மாட்டுங்கள். கண்ணாடி இல்லாத வண்டியில் வருகிறவரிடம் தேர்வு நடத்தும் ஆய்வாளர் என்ன எதிர்பார்க்க முடியும்?

மெதுவாக ஓட்டுதல்

பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட்டுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அங்கே தார் போட்ட, மணல் படியாத ஒரு துண்டுச் சாலை கிடைத்தால் போதும். மண் தரையில் பழகுவது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் குறைந்த வேகத்தில் ஹேண்டிலை ஒடிக்கும்போது முன் சக்கரம் மணலில்தான் வழுக்கும்.

முதல் வாரம் எட்டின் பக்கமே போக வேண்டாம். பள்ளி விளையாட்டு விழாவில் நடக்கும் ஸ்லோ சைக்கிள் பந்தயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கடைசியில் வருகிறவருக்குப் பரிசு, காலை ஊன்றியவர் வெளியே. அதையே பைக்கில் செய்ய வேண்டும். 15 மீட்டருக்கு ஒரு நேர்க்கோடு குறித்துக்கொண்டு, முதல் கியரில், காலை ஊன்றாமல், முடிந்த அளவு மெதுவாகக் கடந்து, எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். முதல் நாள் ஆறு ஏழு விநாடியில் முடிந்துவிடும். பன்னிரண்டு, பதினைந்து விநாடிக்கு இழுக்க முடிந்தால் எட்டில் பாதி வந்துவிட்டது என்று பொருள்.

இதை எப்படிச் செய்வது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. ஆக்சிலேட்டரைச் சிறிதளவு திருகி, எஞ்சின் சத்தம் ஒரே சீராக இருக்கும்படி அப்படியே விட்டுவிட வேண்டும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இடது கையின் வேலை. கிளட்சை முழுவதும் பிடிக்காமல், முழுவதும் விடாமல், வண்டி இழுக்கத் தொடங்கும் அந்த இடத்தில் விரல்களை வைத்துக்கொண்டு, ஒரு நெல்மணி அளவு விட்டால் வண்டி நகரும், ஒரு நெல்மணி அளவு பிடித்தால் தளரும் என்ற உணர்வு வரும்வரை பழக வேண்டும். இதைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம். வலது காலால் பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி வைத்திருந்தால், எஞ்சின் முன்னே இழுக்க, பிரேக் பின்னே பிடிக்க, அந்த இரண்டுக்கும் நடுவில் வண்டி இறுக்கமாக, ஆடாமல் போகும். ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி விடுகிறவர்களின் வண்டிதான் குதித்துக் குதித்துப் போய் நடுவில் ஆஃப் ஆகிவிடுகிறது. ஹாஃப் கிளட்சிலேயே நெடுநேரம் ஓட்டினால் கிளட்ச் சூடாகும் என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஓய்வு கொடுங்கள்.

முன் பிரேக்கை இந்தப் பயிற்சியில் தொடவே கூடாது. ஹேண்டில் ஒடிந்திருக்கும்போது முன் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி நின்ற இடத்திலேயே உள்பக்கம் சரிந்துவிடும். வண்டி சரியப் போகிறது என்று தோன்றும் கணத்தில் கை தானாகவே பிரேக்குக்குப் போகும். அந்தப் பழக்கத்தை மாற்றி, கிளட்சை ஒரு துளி விடுவதற்குப் பழக வேண்டும். வண்டி சற்று முன்னே இழுக்கப்பட்டதும் தானே நிமிரும்.

ஸ்கூட்டரில் கிளட்ச் பிடி கிடையாது. மிகக் குறைந்த வேகத்தில் அதன் கிளட்ச் பிடித்தும் விட்டும் வெட்டி இழுக்கும். ஆக்சிலேட்டரை முழுவதும் விடாமல் சிறிதளவு திருகி வைத்து, பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் அந்த வெட்டல் மறையும். புதிய ஸ்கூட்டர்களில் இடது பிடியை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும்படி அமைத்திருப்பதால், வளைவில் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

எட்டு

நேர்க்கோட்டில் பழகிய பிறகு, தண்ணீர் நிரப்பிய இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களைப் பத்து அடி எடுத்துவைக்கும் தூரத்தில் நிறுத்தி, அவற்றைச் சுற்றிக் கோலமாவால் பெரிய எட்டு ஒன்று வரைந்துகொள்ளுங்கள். செங்கல் வேண்டாம், ஏறிவிட்டால் விழுவீர்கள். முதலில் ஒரே பாட்டிலை வலமாகப் பத்துச் சுற்று, பிறகு இடமாகப் பத்துச் சுற்று. எல்லாருக்கும் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். வலப்பக்கம் திரும்பும்போது ஆக்சிலேட்டர் பிடித்த கை உடலை நோக்கி வந்து, மணிக்கட்டு மடங்கி, நம்மை அறியாமல் திருகிவிடும்; அதனால் பலருக்கு வலது வட்டம்தான் சிக்கல். முழங்கையை விறைப்பில்லாமல் வைத்துக்கொண்டால் இது குறையும். எது வரவில்லையோ அதை இரட்டிப்பாகப் பழகுங்கள்.

இரண்டு வட்டமும் வந்த பிறகு எட்டாகச் சேர்க்கலாம். தவறு பெரும்பாலும் நடுவில், ஒரு வட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் நேர்கிறது. அவசரப்பட்டு முன்கூட்டியே ஒடித்தவர் பாட்டிலுக்கு மிக அருகில் போய்விடுவார். அதற்குப் பிறகு வளைவு மேலும் குறுகி, கால் தரையைத் தேடும். நடுவில் ஒரு வண்டி நீளத்துக்கு நேராகப் போய், அடுத்த வட்டத்தின் வெளி விளிம்பை எட்டிய பிறகு ஒடித்தால் இடம் தாராளமாக இருக்கும். வண்டி உள்பக்கம் சாயட்டும். உடல் அதோடு சேர்ந்து சாயாமல் நிமிர்ந்தே இருக்கட்டும். டாங்கை முழங்காலால் அணைத்துப் பிடித்தால் தோளும் கையும் தளர்ந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடக் கண் முக்கியம். எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். முன் சக்கரத்தைப் பார்க்கிறவர் முன் சக்கரத்தின் மேலேயே விழுவார். என் அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, நிமிர்ந்து பார் என்று நூறு முறை சொல்லியும் அவள் பார்வை கோலமாவுக் கோட்டைவிட்டு எழவே இல்லை. கடைசியில் நான் எதிர் வட்டத்தின் கோடியில் போய் நின்றுகொண்டு, கையைத் தூக்கி விரல்களைக் காட்டினேன். வளைவில் திரும்பும்போதே அவள் ‘மூணு’, ‘அஞ்சு’, ‘ரெண்டு’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சுற்று கணக்கில்லை. முகவாய் தோளுக்கு நேராகத் திரும்பினாலொழிய என் கை அவளுக்குத் தெரியாது. நாலாவது சுற்றிலேயே, எப்போதும் கால் ஊன்றும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். தாண்டியது அவளுக்கே தெரியவில்லை. தனியாகப் பழகுகிறவர்கள் எதிர்ப்பக்கத்தில் ஒரு மரத்தையோ மின் கம்பத்தையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அதைத் தேடிப் பார்க்கலாம்.

நாளுக்கு நாள் பாட்டில்களை அரை அடி, ஓரடி என்று நெருக்கிக்கொண்டே வாருங்கள். தேர்வுத் தளத்தில் எட்டு எவ்வளவு பெரியது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒருநாள் முன்னதாகவே போய், ஓரமாக நின்று, தடத்தின் அகலத்தையும் எங்கே தொடங்கி எங்கே முடிக்கச் சொல்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வந்து, அதைவிடச் சற்றுச் சிறிய எட்டில் பழகினால் தேர்வு நாளில் மைதானம் அகலமாகத் தெரியும்.

எட்டுக்கு வெளியே

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 15ஆவது விதி, தேர்வில் என்னென்ன செய்துகாட்ட வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. கண்ணாடியைச் சரிசெய்தல், கிளம்புமுன் கவனித்தல், கியர்களை ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுதல், ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் கிளப்புதல், முந்துதல், முந்த விடுதல், உரிய நேரத்தில் சைகை காட்டுதல், பாதசாரிகளுக்கு வழிவிடுதல் என்று அது போகிறது. எட்டு அதில் ஒரு சிறு பகுதிக்குத்தான் சான்று. ஆய்வாளர் சாலையில் ஓட்டிக்காட்டச் சொன்னால், மற்ற எல்லாமும் கணக்கில் வரும்.

என் முதல் தேர்வில் எட்டு நன்றாகவே வந்தது. இரண்டு சுற்று முடித்து நிறுத்தினேன். நேராகப் போய்த் திரும்பி வரச் சொன்னார். மகிழ்ச்சியில் கிளட்சை விட்டுக் கிளம்பிவிட்டேன். பின்னாலிருந்து வந்த இன்னொருவர் பிரேக்கை அழுத்தி ஒதுங்க வேண்டியதாயிற்று. ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை. ‘எட்டு நல்லாத்தான் போட்டீங்க. பின்னாடி யார் வர்றாங்கன்னு பாத்தீங்களா?’ என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த ஏழு நாளும், பெட்டிக்கடைக்குப் போவதற்குக்கூட, கண்ணாடி, இன்டிகேட்டர், வலத்தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதன் பிறகே கிளட்ச் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை எப்போதும் உண்டு. கழுத்தைத் திருப்பினால்தான் அது தெரியும், பார்த்தோம் என்பது ஆய்வாளருக்கும் தெரியும்.

இன்டிகேட்டரைப் போடுவது எல்லாருக்கும் நினைவிருக்கும், அணைப்பது நினைவிருக்காது. திரும்பி முடித்ததும் பொத்தானை அழுத்தி அணைப்பதையும் திருப்பத்தின் பகுதியாகவே பழகிக்கொள்ள வேண்டும்.

கை சைகையைக் கேட்டாலும் கேட்கலாம். எல்லாச் சைகையும் வலது கையால்தான். வலப்பக்கம் திரும்ப, கையை நேராக நீட்டி உள்ளங்கையை முன்னோக்கிக் காட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப, நீட்டிய கையைக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் சுழற்ற வேண்டும். வேகத்தைக் குறைக்க, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். நிறுத்துவதற்கு முழங்கையை மடித்து, முன்கையை மேல்நோக்கி உயர்த்த வேண்டும். காரில் இது எளிது; பைக்கில் வலது கையை எடுத்தால் ஆக்சிலேட்டர் மூடிக்கொள்ளும், வண்டி சட்டென்று தளரும். நேர்ச் சாலையில் இரண்டாவது கியரில் போகும்போது கையை எடுத்து, இரண்டு விநாடி காட்டி, மீண்டும் பிடிப்பதைப் பழகிவிட்டால் ஆட்டம் வராது.

ஏற்றத்தில் கிளப்புவதற்கு ஏரிக்கரை மேடோ சிறிய பாலத்தின் சரிவோ போதும். இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் சத்தம் இறங்கி வண்டியின் முன்பகுதி லேசாக எழும்பும் இடத்தில் நிறுத்தி, சற்று ஆக்சிலேட்டர் கொடுத்து, அதன் பிறகே பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

தேர்வு நாள்

எல்.எல்.ஆர்., தேர்வு நேரத்துக்கான பதிவுச் சீட்டு, வண்டியின் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை முந்தைய இரவே ஒரு பையில் எடுத்து வையுங்கள். காப்பீட்டின் தேதியை ஒருமுறை பாருங்கள். பேன்ட், ஷூ, பட்டி மாட்டிய ஹெல்மெட். புது ஹெல்மெட்டை அன்றைக்குத்தான் முதலில் போடுவது தவறு. தலையைத் திருப்பும்போது பார்வை எங்கே மறைகிறது என்பது பழகியவருக்கே தெரியும். வேறொருவர் வண்டியை இரவல் வாங்கித் தேர்வுக்குப் போகிறவர்கள், அரை மணி நேரமாவது முன்னால் அதை ஓட்டி, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று விரலுக்குத் தெரியப்படுத்திக்கொள்ள வேண்டும்.

காத்திருக்கும்போது வண்டியை வெயிலில் நிறுத்தியபடி ஓடவிட வேண்டாம். முறை வந்ததும், சைடு ஸ்டாண்டு மேலே இருக்கிறதா என்று காலால் தொட்டுப் பாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் அது கீழே இருக்கும்போது கியர் போட்டால் எஞ்சின் நின்றுவிடும், பதற்றத்தில் இருப்பவர் பேட்டரி போய்விட்டதென்று நினைத்து உதைத்துக்கொண்டிருப்பார். எட்டை முடித்ததும் சடாரென்று காலை ஊன்றாமல், தடத்தை முழுவதும் கடந்து, நேராக வந்து, கிளட்சைப் பிடித்துப் பின் பிரேக்கில் நிறுத்தி, வண்டி முழுவதும் நின்ற பிறகு இடது காலை வையுங்கள். வெற்றி பெற்றுவிட்டோம் என்ற நினைப்பில் கடைசிக் கோட்டுக்கு அரை அடி முன்னால் காலை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நடுவில் வண்டி ஆஃப் ஆகிவிட்டால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அங்கேயே உதைக்கத் தொடங்காமல், நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஆய்வாளர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். தவறியவர்கள் எந்த இடத்தில் தவறியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. வரிசை நீளமாக இல்லாத நேரத்தில் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள்.

தேர்ச்சி பெற்றவர்களுக்கு உரிமம் அஞ்சலில் வரும். விண்ணப்பத்தில் உள்ள முகவரியில் கதவு எண்ணும் பின்கோடும் சரியாக இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் வழங்கப்படும்வரை எல் போர்டு வண்டியிலேயே இருக்கட்டும்.